தராசக்கா கூடுதலாகக் கழித்த ஒன்றேகால் கிலோ

"நீ பிறந்தப்ப எத்தனை கிலோம்மா இருந்த?"

பேருந்துப் பணிமனையில் மெக்கானிக் பயிற்சிக்குச் சேர்வதற்கு முன் உடல் பரிசோதனை வைத்திருந்தார்கள். டாக்டர் என் வலது கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். பிறகு இடது கையை நீட்டச் சொன்னார். அதற்கப்புறம்தான் இந்தக் கேள்வியைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. என் செருப்பு அளவு தெரியும், பத்தாம் வகுப்புக் கணக்கு மதிப்பெண்ணும் மறக்கவில்லை. பிறந்த எடையை யார் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள்?

ரத்த அழுத்தம் நூற்று நாற்பத்தாறு காட்டியது. பதினெட்டு வயதுக்கு அது கூடுதல். பயத்திலும் ஏறியிருக்கலாம், இரண்டு வாரம் வீட்டுப் பக்கத்து மருத்துவமனையில் தினமும் பார்த்துக் குறித்துக்கொண்டு வா, பிறகு முடிவு செய்யலாம் என்றார். கிளம்பும்போது, "எடை குறைவாப் பிறந்தவங்களுக்குப் பின்னாடி பிரஷர், சர்க்கரை வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூட. அதுக்காகத்தான் கேட்டேன். வேற ஒண்ணும் இல்ல. அம்மாகிட்ட கேட்டுட்டு வா" என்றார்.

அவருக்கு அது ஒன்றும் இல்லாத கேள்வி. எங்கள் வீட்டுக்கு அப்படி இல்லை.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் திரும்பிப் பார்க்காமலே, "மூணு கிலோ. குண்டுப் பாப்பா. நர்ஸுக்கே கை வலிச்சுதுன்னா பாத்துக்கோ" என்றாள். டாக்டர் ஏன் கேட்டார் என்பதையும் சொன்னேன். மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். அன்றிலிருந்து வீட்டில் உப்பு ஜாடி மேல் தட்டுக்குப் போய்விட்டது. நான் படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள். நாலாம் நாள் காலை தட்டில் போட்டது போட்டபடி இருக்க, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சாப்பிடும்மா என்றேன்.

"சாப்பிட வேண்டிய நேரத்துல சாப்பிடாதவளுக்கு இப்ப என்ன சாப்பாடு" என்றாள். அதை என்னிடம் சொல்லவில்லை, சுவரிடம்தான் சொன்னாள்.

எனக்குப் பாதி புரிந்தது. என் உடம்பில் ஏதோ கோளாறு என்றால், அதற்குத் தான்தான் காரணம், அதுவும் நான் வயிற்றில் இருந்தபோதே தான் செய்த காரியம் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். அந்தக் காரியம் என்ன என்பதுதான் தெரியவில்லை. அப்பா லிஃப்ட் பொருத்தும் வேலை பார்க்கிறார், இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வீடு. போனில் கேட்டேன். "எடையா? நீ கத்துன கத்துதான் எனக்கு ஞாபகம். அம்மாவோட கம்பெனில தராசு பாத்தாங்களே, அந்தத் தராசக்காகிட்ட போய்க் கேளு. ரொட்டிக் கம்பெனிப் பிள்ளைங்க பாதிப் பேரோட எடை அவங்ககிட்டதான் இருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். வேண்டாம் என்றாள். கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு அவளும் வந்தாள். தராசக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இந்த மூன்று வருடமாக அம்மா அந்தப் பக்கமே போகவில்லை என்பது வழியில்தான் தெரிந்தது.

தராசக்காவின் வீடு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஜன்னலோரம் நாற்காலியில், காலை ஒரு வாளி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, அறுபதைத் தாண்டிய ஒரு ஒல்லியான பெண் செய்தித்தாளைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும், "வாடி மகாராணி. வழி மறந்துடுச்சா, இல்ல நான் செத்துட்டேன்னு யாராவது சொன்னாங்களா?" என்றார். என்னைப் பார்த்து, "இதுதானா அது? நல்லா நெட்டையா வளந்திருக்கே" என்றார். எனக்கு உடனே பிடித்துப்போனது.

அன்று கேட்டதோடு, பிறகு நான் தனியாக நான்கைந்து முறை போய்க் கேட்டதையும் சேர்த்துத்தான் அவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

அவரை அவருடைய அம்மா சுமந்திருந்த வருடம் ஆறு கரையை உடைத்தது. சந்தை ஐந்து மாதம் கூடவில்லை. வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு வேளை கஞ்சி, சில நாள் அதுவும் இல்லை. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டார். எடை பார்க்க அங்கே தராசும் கிடையாது, பார்ப்பதற்கு ஆளும் கிடையாது. "ஊருக்கெல்லாம் எடை போட்டவ நான். எனக்குத்தான் பொறந்த எடையே இல்ல" என்று சொல்லிச் சிரிப்பார்.

பதினேழு வயதில் ரொட்டித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். முதலில் கழுவும் தொட்டி, பிறகு மாவு அறை, பிறகு தராசு. மாவு மூட்டை உள்ளே வரும்போதும், பிசைந்த மாவு தட்டுகளில் அடுப்புக்குப் போகும்போதும் அவருடைய மேடைத் தராசில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். மூட்டையின் எடையிலிருந்து சாக்கின் எடையைக் குறைக்க வேண்டும், தட்டின் எடையையும் அதேபோல். அதற்குக் கழிவு என்று பெயர். முப்பது வருடம் கழிவு போட்டுப் போட்டு, எதைப் பார்த்தாலும் அவர் வாய் தானாக ஒரு எண்ணைக் கழித்துவிட்டுத்தான் சொல்லும். சந்தையில் பூசணிக்காய் வாங்கினால்கூடக் காம்புக்குக் கழிப்பாராம். கடைக்காரர்கள் அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

முப்பத்தோரு வயதில் அவருக்குச் சர்க்கரை நோய் வந்தது. ஒல்லியான உடம்பு, இனிப்பு தொடாதவர், நாள் முழுக்க உழைக்கிறவர். எனக்கு எப்படி என்று தொழிற்சாலைக்கு வந்திருந்த ஒரு சின்ன வயது லேடி டாக்டரிடம் சண்டைக்கே போனார். அந்த டாக்டர் பிறந்த வருடத்தைக் கேட்டார். வெள்ளம் வந்த வருடம் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விளக்கினாராம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்குச் சாப்பாடு பத்தாவிட்டால், கிடைக்கிற கொஞ்சத்தை மூளைக்கு முதலில் கொடுத்துவிட்டு, மற்ற உறுப்புகளைச் சிக்கனமாகக் கட்டிக்கொள்ளும். சிறுநீரகம், சர்க்கரையைக் கவனிக்கிற கணையம், ரத்தக் குழாய் எல்லாம் கொஞ்சம் குறைந்த பலத்தோடு உருவாகலாம். பிறந்த பிறகு நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தாலும் அந்தக் குறை உள்ளே இருக்கும். எல்லோருக்கும் நோய் வரும் என்று அர்த்தமில்லை, வர வாய்ப்பு கூடும், அவ்வளவுதான்.

"நான் கண்ணையே தொறக்கல, அதுக்குள்ள எனக்கு நோய எழுதியாச்சான்னு வந்துச்சு பாரு கோவம்" என்றார் தராசக்கா. அந்தக் கோபம் அடங்க ஒரு வாரம் ஆனது. அடங்கிய பிறகு அவருக்குத் தோன்றியது அவருக்கே பழக்கமான ஒரு விஷயம். "மாவு பிசையறப்ப தண்ணி பத்தலன்னா, அடுப்புல பாத்துக்கலாம்னு விட முடியாது. ஆனா அப்படி வந்த மாவக்கூட அடுப்புக்காரி கெட்டிக்காரியா இருந்தா சூட்டைக் கொறச்சு, நேரத்தக் கூட்டி ரொட்டியாக்கிடுவா. நான் என் உடம்ப அப்படித்தான் பாத்துக்குறேன். ஆனா பிசையற எடத்துலயே ஒருத்தி நின்னு கவனிச்சா நல்லதில்லையா?"

அடுத்த திங்கட்கிழமையே தொடங்கிவிட்டார். தொழிற்சாலையில் யாராவது உண்டாகியிருந்தால், இரண்டு வாரத்துக்கு ஒரு திங்கள், தேநீர் இடைவேளையில் மாவுத் தராசில் ஏற வேண்டும். மேற்பார்வையாளர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும் என்பதால் அவருக்கு விசில் என்றே பெயர். அவர் சிகரெட் பிடிக்க வெளியே போகும் அந்த எட்டு நிமிடத்துக்குள், நாலு பெண்கள் சுவர் மாதிரி நின்று மறைத்துக்கொள்ள, எடை பார்த்து ஒரு நோட்டில் குறித்துவிடுவார். எடை ஏறாவிட்டால் இரண்டு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், முறை வைத்து யார் வீட்டிலிருந்தாவது வந்துவிடும். சாப்பிட்டு முடிக்கிற வரை பக்கத்திலேயே நிற்பார். பிள்ளை பிறந்ததும் அதன் எடையையும் கேட்டு எழுதிக்கொள்வார். நோட்டில் முதல் எடை அவருடைய மகனுடையது, மூன்று கிலோ நூறு. அந்த நூறை அவர் சொல்லும்போது கேட்க வேண்டும்.

அம்மா அங்கே அடுப்பு வாயில் வேலை பார்த்தாள். தட்டைத் தள்ளுவது, இழுப்பது, எட்டு மணி நேரமும் நின்றபடி. நான் வயிற்றில் வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விசில் அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார், திரும்பி வரும்போது இடம் இருக்காது. மேலங்கியின் நாடாவைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு, காலையில் சாப்பிட்டால் குமட்டுகிறது என்று வெறும் வயிற்றோடு ஐந்து மாதம் அடுப்பு முன்னால் நின்றிருக்கிறாள். தட்டை இடுப்பைத் திருப்பித் தூக்குவதைப் பார்த்தே தராசக்கா கண்டுபிடித்துவிட்டார். தராசில் ஏற்றினார். "மாட்டச் சந்தைக்கு ஓட்டுற மாதிரி ஓட்டுறீங்களேக்கா" என்று அம்மா சிரித்தாளாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஏற்றியபோது யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிலோ குறைந்திருந்தது.

ஐந்தாம் மாதத்தில் எடை ஏற வேண்டும், இறங்கக் கூடாது. தராசக்கா அன்று மத்தியானமே விசிலிடம் போய், "உக்காந்து உக்காந்து என் இடுப்பு போச்சு. என்னைக் கொஞ்ச நாள் அடுப்புக்கு மாத்துங்க. அந்தப் பொண்ணு தராசு பாக்கட்டும், நான் பழக்கிட்டேன்" என்றார். நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலையை விட்டுவிட்டு நெருப்பின் முன்னால் நிற்கிறேன் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். விசில் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரண்டு நாளில் ஓடி வந்துவிடுவாய் என்று சொல்லி ஒப்புக்கொண்டார். அவர் ஓடி வரவில்லை. சர்க்கரை உள்ள உடம்போடு நாலு மாதம் நின்றார். முழங்கையில் சூடு பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. காலில் வந்த கொப்புளம் ஆற அரை வருடம் ஆனது. அம்மா தராசடியில் முக்காலியில் உட்கார்ந்து, பத்து மணி முட்டையைத் தின்று, ஏழாம் மாதம் வயிறு தெரிந்தபோது வேலையில் கெட்டிக்காரி ஆகிவிட்டிருந்தாள். விசிலுக்கும் அனுப்ப மனம் வரவில்லை. பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டார்.

இவ்வளவையும் அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் இருக்கும்போதே தராசக்கா பாதிக்கு மேல் சொல்லிவிட்டார். அம்மா கண்ணை எடுக்காமல் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அலமாரிக்குள் இருந்த தகரப் பெட்டியைக் காட்டி எடுக்கச் சொன்னார். நோட்டு கிடைத்தது. அவருக்குக் கண் மங்கலாகிவிட்டதால் என்னையே வாசிக்கச் சொன்னார். அம்மாவின் பெயருக்கு நேரே, கடைசி வரியில், என் பிறந்த தேதி. இரண்டு கிலோ முந்நூற்று ஐம்பது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"பெரியம்மா, அம்மா மூணு கிலோன்னு சொன்னாங்க" என்றேன். காட்டிக்கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

"மூணா? யாரு, இவளா?" தராசக்கா காலை வாளியிலிருந்து இறக்கினார். "ஏன்டி, முக்கா கிலோ எங்கேருந்துடி வந்துச்சு?"

கழித்துப் பார்த்தால் முக்கால்கூட இல்லை, அறுநூற்று ஐம்பது கிராம்தான். பழக்கத்தில் அங்கேயும் ஏதோ கழிவு போட்டுவிட்டார். அதைச் சொல்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை. அம்மா அழுதாள். சத்தமில்லாமல் அழுதாள், மூக்கைச் சேலையால் துடைத்துக்கொண்டே.

"நான்தானேக்கா இவள வயித்துலயே ஒடுக்கிட்டேன்" என்றாள். "அஞ்சு மாசம் மறச்சேன். சாப்பிடல. வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு ஒரு கிலோ எளச்சேன். நீங்க எழுதுனது எனக்கு மறக்கவே இல்ல. பதினெட்டு வருஷமா இவளுக்கு ஒரு சளி புடிச்சாக்கூட அந்த ஒரு கிலோதான் ஞாபகம் வரும். உங்க மொகத்தப் பாத்தாலும் அதான் ஞாபகம் வருது. அதான் வரல."

தராசக்கா காலை மறுபடி வாளி மேல் தூக்கி வைத்துக்கொண்டார். கீழே சைக்கிள் கடையில் யாரோ மணியைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என்னிடம் நோட்டைக் கேட்டு வாங்கி, விரலை அந்தப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"நீ எளைக்கவே இல்லடி."

அம்மா நிமிர்ந்தாள்.

விஷயம் இதுதான். ஆட்கள் தராசில் ஏறும்போது உடுப்போடு ஏறுவார்கள். அதற்கும் ஒரு கழிவு வைத்திருந்தார், ரப்பர் பூட்ஸ், மேலங்கி, தொப்பி எல்லாம் சேர்த்து இரண்டு கிலோ. முதல் தடவை அம்மா பூட்ஸோடு ஏறினாள். அந்த இரண்டு வார இடைவெளியில் கம்பெனி பூட்ஸை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் கேன்வாஸ் ஷூ கொடுத்துவிட்டது. புது உடுப்பு முக்கால் கிலோதான். தராசக்காவின் கை வழக்கம் போல இரண்டு கிலோவையே கழித்தது. அப்போது உண்டாகியிருந்தது அம்மா ஒருத்திதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆள் இல்லை. ஒன்றேகால் கிலோ கூடுதலாகக் கழித்துவிட்டார். உண்மையில் அம்மா அந்த இரண்டு வாரத்தில் கால் கிலோ ஏறியிருந்தாள்.

"எப்பக்கா தெரிஞ்சுது?" அம்மா கேட்டாள்.

"உனக்கு எட்டு மாசம் முடியறப்ப. நீ சாப்பிடப் போயிருந்த, நான்தான் தராசடியில நின்னேன். பழைய பூட்ஸெல்லாம் மூட்டையாக் கட்டி எடைக்குப் போட என் தராசுக்குத்தான் வந்துச்சு. ஒரு ஜோடிய வச்சுப் பாத்தேன், ஒரு கிலோ அறுநூறு. என் கால்ல கெடந்தத கழட்டி வச்சேன், முந்நூத்தம்பது. எனக்கு வேர்த்துப்போச்சு. அதுவரைக்கும் என் கழிவு தப்புனதே இல்ல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? அக்கா கால்ல கொப்புளம், நான் நல்லாத்தான் இருக்கேன், அடுப்புக்குப் போறேன்னு ஓடியிருப்ப. பிள்ளை பொறந்து சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம்..." இங்கே அவர் முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தினார். "அப்புறம் வெக்கமாப் போச்சு. தராசக்கா தப்பா எடை போட்டான்னு எந்த வாயால சொல்றது? நீ அதத் தூக்கிட்டு இத்தன வருஷம் நடப்பன்னு எனக்குத் தோணவே இல்லடி. மன்னிச்சுக்கோ."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்து விக்கல் வந்துவிட, நான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். குடித்துவிட்டு, கால் கிலோ போதுமா என்று கேட்டாள். தராசக்கா அவளைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்லவில்லை. போதாதுதான், இன்னும் ஏறியிருக்க வேண்டும், அந்தச் சூடும் நின்ற நேரமும் வெறும் வயிறும் பிள்ளையைக் கொஞ்சம் சின்னதாக்கியிருக்கலாம், அதை யாராலும் இனி அளந்து சொல்ல முடியாது என்றார். பிறகு நோட்டை மூடிவிட்டுக் கேட்டார்.

"மறச்சது நீதான். ஆனா மறைக்க வேண்டிய நெலமைய வச்சது யாரு? சொன்னா வேல போகும்னு வச்சவன் நிம்மதியா தூங்கறான். நீ ஏன்டி முழிச்சுக் கெடக்க?"

திரும்பி வரும் வழியில் அம்மா பசிக்கிறது என்றாள். நாலு நாளுக்குப் பிறகு அந்த வார்த்தையைக் கேட்கிறேன். பேருந்து நிறுத்தத்துக் கடையில் இரண்டு பன் வாங்கினோம். நான் அவளைப் பார்த்துக்கொண்டே தின்றேன். எனக்கு அப்போது தோன்றியதை எழுதினால் சரியாக வருமா தெரியவில்லை. பிறப்பதற்கு முன்பே எனக்கு நடந்தது குறை மட்டும் இல்லை. ஒருத்தி வேலை போய்விடும் என்ற பயத்திலும் என்னை விடாமல் வைத்திருந்தாள். இன்னொருத்தி தன் இருக்கையை விட்டு எழுந்து நெருப்பின் முன்னால் போய் நின்றாள். பெயர் தெரியாத நாலு பேர் சுவராக நின்றார்கள். யார் யார் வீட்டு முட்டையோ எனக்கு வந்தது. முகம்கூட இல்லாத எனக்காக இத்தனை பேர். இதையெல்லாம் கேட்பதற்கு ஒரு ரத்த அழுத்தம் வேண்டியிருந்தது என்றால் அதற்கும் நன்றி.

இரண்டு வாரம் முடிந்து போனபோது அழுத்தம் நூற்று முப்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. டாக்டரிடம் சரியான எடையைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு, உப்பைக் குறை, நட, தூங்கு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார், பயிற்சிக்குச் சேரலாம் என்றார். இப்போது எனக்கு என் உடம்பு எந்த மாவில் பிசைந்தது என்று தெரியும். அதற்கேற்ப நடந்துகொள்வதில் கஷ்டம் ஒன்றும் இல்லை, ஊறுகாயைத் தவிர.

அம்மா இன்னும் அதே தொழிற்சாலையில்தான், பேக்கிங் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருக்கிறாள். விசில் போய் வேறு மேற்பார்வையாளர் வந்துவிட்டார். போன மாதம் அடுப்பு வாயில் நிற்கும் ஒரு பெண் மேலங்கி நாடாவைத் தளர்த்திக் கட்டியிருப்பதை அம்மா பார்த்திருக்கிறாள். அன்றைக்கே அந்தப் பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு மேற்பார்வையாளர் அறைக்குப் போய், இவள் இனிமேல் என் பிரிவில் உட்கார்ந்து லேபிள் ஒட்டுவாள், இவள் இடம் இவளுக்கே இருக்க வேண்டும், எழுதிக் கொடுங்கள் என்று நின்றிருக்கிறாள். அவர் யோசித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். ஆனால் உட்கார நாற்காலி கிடையாது, கேட்டு வாங்க மூன்று மாதம் ஆகும் என்றார். மறுநாள் காலை அம்மா எங்கள் சமையலறை முக்காலியை இடுப்பில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினாள். நடத்துநர் அதற்கும் டிக்கெட் கேட்டாராம். முக்காலி இன்னும் வீட்டுக்குத் திரும்பவில்லை. நான் நின்றுகொண்டேதான் வெங்காயம் நறுக்குகிறேன்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தன் பிள்ளையின் நோய்க்குத் தான்தான் காரணம் என்று எண்ணிக்கொண்டிருக்கிற ஒரு அம்மா உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவரிடம் தராசக்காவைப் பற்றிச் சொல்லுங்கள். ஆட்களை நிற்க வைத்தே வேலை வாங்குகிற ஒரு மேலாளரைத் தெரிந்தால் அவரிடமும் சொல்லுங்கள், முடிந்தால் அவரிடம் முதலில்.